வராத விருந்தாளியின் முன்பணம் யாருக்கு?

பெங்களூரில் முப்பது நாற்பது ஆண்டு உழைத்து, பிராவிடண்ட் பண்டையும் கிராஜுவிடியையும் போட்டு, முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கீழே தாங்கள் குடியிருப்பார்கள். மாடியைக் குடித்தனத்துக்கு விட்டு, பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கி, அதை மகளின் கல்யாணத்துக்கோ பாங்குக் கடனுக்கோ கட்டிவிடுவார்கள். பிறகு குடித்தனக்காரர் காலி செய்யும்போது அந்த அட்வான்ஸைத் திருப்பித் தர, அடுத்த குடித்தனக்காரரைத் தேடி அலைவார்கள். இந்நகரத்து வீட்டுக்காரர்களின் நெடுநாள் வாழ்க்கை இதுதான்.

அண்மைக் காலத்தில் இதில் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. மாத வாடகைக்குப் பதில் நாள் வாடகை. மாடியில் ஓர் அறை, அதையொட்டி ஒரு குளியலறை, சிறு அடுப்படி. இரண்டு கட்டில், மெத்தை, ஒரு மின்விசிறி, வெந்நீர்க் குழாய். இவ்வளவு இருந்தால் போதும், செல்போன் செயலி மூலமோ, ஊர்க்காரர்கள் சொல்லியோ ஆட்கள் வருகிறார்கள். குறிப்பாக வில்ஸன் கார்டன், லக்கசந்திரா, ஆடுகோடிப் பக்கம் இதற்குக் குறைவில்லை. கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் நிம்ஹான்ஸும் அருகே இருக்கின்றன. ஜெயதேவா இருதய மருத்துவமனையும் அதிக தூரமில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பங்களுக்கு, லாட்ஜைவிடத் தமிழ் பேசுகிற ஒரு வீட்டின் மாடி அறை எவ்வளவோ மேல். கஞ்சி வைத்துக்கொள்ளலாம், துணி உலர்த்தலாம், அவசரத்துக்குக் கீழ் வீட்டு அம்மாவைக் கூப்பிடலாம்.

இதுவரை எல்லாம் நல்லதுதான். வருவதாகச் சொன்னவர் வராமற்போகும்போதுதான் தகராறு எழுகிறது.

நான்கு நாளைக்கு அறை வேண்டுமென்று முன்பணம் அனுப்பியிருப்பார்கள். வர இரண்டு நாள் இருக்கும்போது தொலைபேசி வரும்: "ஐயா, அம்மாவுக்கு மருந்து ஏத்தறதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டாங்க. இப்ப வரலை. அனுப்பின பணத்தைத் திருப்பிப் போட்டுடறீங்களா?" இந்தப் பக்கம் வீட்டுக்காரர் தயங்குவார். "இல்லேப்பா, உங்களுக்காக இரண்டு பேரை வேண்டாம்னு சொல்லிட்டேன். இப்ப அறை காலியா நிக்குது. நான் என்ன பண்றது?" இருவர் சொல்வதும் பொய்யல்ல. முன்கூட்டி ஒரு விதி பேசிக்கொள்ளாததால், பேச்சு தடித்து, கடைசியில் இரு குடும்பமும் முகம் பாராத நிலைக்கு வந்துவிடும். பணம் கேட்பவர் பீன்யாவில் ஏதோ ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவராகவும், பணத்தை வைத்திருப்பவர் ரிடையரான குமாஸ்தாவாகவும் இருந்தால், நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் என்பது இருவருக்குமே சிறு தொகை அல்ல.

ஆகவே நாள் வாடகைக்கு அறை விடுகிறவர், கட்டில் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முன்பதிவு ரத்தானால் எவ்வளவு திருப்பித் தருவது, எத்தனை நாளுக்கு முன் சொன்னால் தருவது என்பதே அது. பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். இன்னும் பலர் யோசிப்பதே இல்லை. லாட்ஜுக்காரர்கள் பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து, "கொடுத்த அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டிவிடுகிறார்கள்.

அந்த அட்டை தவறு. சட்டப்படியும் தவறு, கணக்குப்படியும் தவறு.

சட்டம் சொல்வது என்ன?

ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து எவ்வளவு வசூலிக்கலாம் என்பதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவில் சொல்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. எழுதிய தொகைக்கு மேற்படாமல், நியாயமான நஷ்ட ஈடு மட்டுமே கிடைக்கும். இதைச் சுப்ரீம் கோர்ட் 1963இல் ஒரு வழக்கில் விளக்கமாகக் கூறிவிட்டது. டில்லியில் ஒரு பங்களாவை 1,12,500 ரூபாய்க்கு வாங்க 1949இல் ஒப்பந்தம். வாங்குபவர் முதலில் 1,000 ரூபாயும், பிறகு 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். விற்பனை நடக்கவில்லை. விற்க வந்தவர் 25,000 ரூபாயையும் தாமே வைத்துக்கொள்ளப் பார்த்தார். கோர்ட் சொன்ன முடிவு: அச்சாரமான 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம், நஷ்டத்தை நிரூபிக்காமல் மீதி 24,000 ரூபாயைப் பிடித்துக்கொள்ள முடியாது. 2015இல் டில்லி வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கிலும், நஷ்டமே ஏற்படாத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்வது செல்லாது என்று அதே கோர்ட் கூறியது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகவே பேசுகிறது. ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்துகிற ஒப்பந்தம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. அட்டையில் எழுதி மாட்டினால் மட்டும் அது நியாயமாகிவிடாது. ஐயாயிரம் ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்குப் போகப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் பல அட்டைகள் தொங்குகின்றன என்பது வேறு விஷயம்.

நஷ்டம் எவ்வளவு?

இனிக் கணக்கைப் பார்க்கலாம். நாள் ஒன்றுக்கு 1,200 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். அறையில் ஒருவர் தங்கினால் படுக்கை விரிப்புத் துவைக்க, பெருக்கித் துடைக்க, வெந்நீருக்கு, மின்சாரத்துக்கு, தண்ணீர் லாரிக்கு என்று ஒரு 250 ரூபாயாவது செலவாகும். அவர் வராவிட்டால் இந்தச் செலவும் இல்லை. ஆகவே ஓர் இரவு அறை காலியாக இருந்தால் உண்மையான நஷ்டம் 950 ரூபாய்தான், 1,200 அல்ல. நான்கு நாள் முன்பதிவை, வருவதற்குப் பத்து நாளைக்கு முன்பே ஒருவர் ரத்து செய்கிறார். மருத்துவமனைப் பக்கத்து அறையானால் பத்து நாளில் வேறு ஆள் கட்டாயம் கிடைப்பார். அப்போது நஷ்டம் என்ன? ஒன்றுமில்லை. இரண்டு தொலைபேசிப் பேச்சுக்கான நேரம் தவிர. இந்நிலையில் 4,800 ரூபாயையும் பிடித்துக்கொள்வது ஒரே அறையை ஒரே நாளில் இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டதற்குச் சமம்.

அதே ஆள், வர வேண்டிய நாளின் மாலையில் சொல்கிறார் என்றால் கணக்கு வேறு. அன்றிரவு அறை காலிதான். மறுநாள் காலைக்குள் ஆள் பிடிப்பதும் நிச்சயமில்லை. ஓர் இரவு நஷ்டம் உறுதி. இரண்டாவது இரவு சந்தேகம். மூன்றாவது நாளிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். ஆக, எவ்வளவு முன்னதாகச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டமே இருக்கிறது. விதியும் அதைப் பொறுத்துத்தான் இருக்க வேண்டும்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பல்ல. ரயில்வே செய்வதே இதுதான். 2015 நவம்பர் 12 முதல் அமலுக்கு வந்த விதியில், வண்டி புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பு உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் ஸ்லீப்பர் வகுப்புக்கு 120 ரூபாய் மட்டுமே பிடித்தமாக இருந்தது. அதற்குப் பின் 12 மணி நேரம் வரை கட்டணத்தில் கால் பங்கு பிடித்தார்கள். 4 மணி நேரம் வரை பாதி. அதற்கும் பிறகு ஒன்றும் கிடைக்காமலிருந்தது. ஒவ்வொரு பெர்த்துக்கும் பின்னால் வெயிட்டிங் லிஸ்டில் ஆட்களை நிறுத்தி வைத்திருக்கிற ரயில்வேயே இவ்வளவு படிப்படியாக இறங்கி வந்தது. மாடியில் ஓர் அறை வைத்திருப்பவர் ரயில்வேயைக் காட்டிலும் கறாராக இருப்பேன் என்றால் என்ன சொல்வது?

முழுத் தாராளமும் ஆபத்துதான்

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் எப்போது சொன்னாலும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவோம், பாவம் பொல்லாதது" என்று சிலர் மறு எல்லைக்குப் போய்விடுவார்கள். அதுவும் சரியல்ல. விலையில்லாமல் ரத்து செய்யலாம் என்று தெரிந்தால், ஒரே குடும்பம் மூன்று இடத்தில் அறை சொல்லி வைத்துவிட்டு, வந்து இறங்கிய பின் பிடித்த இடத்துக்குப் போகும். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் துவைத்த விரிப்பைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பென்ஷன் குறைவாக வருகிற, மாடி வாடகையை நம்பிக் கடன் தவணை கட்டுகிற குடும்பத்துக்கு மாதத்தில் ஆறு இரவு இப்படிப் போனால், நாள் வாடகை மாத வாடகையைவிடக் குறைந்துவிடும். நஷ்டப்பட்டவர் அடுத்த மாதம் அந்த 'திருப்பித் தரப்படமாட்டாது' அட்டையைத் தேடி எடுத்து மாட்டுவார். அதனால் பாதிக்கப்படுவது அடுத்து வரும் நோயாளி.

செயலிகள் மூலம் அறை விடுகிறவர்களுக்கு இந்தத் தேர்வு பட்டியலாகவே வைக்கப்படுகிறது. உதாரணமாக ஏர்பிஎன்பி கம்பெனியில், மிகத் தளர்வான விதியைத் தேர்ந்தெடுத்தால், வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்பவருக்கு முழுப் பணம். அதற்கடுத்த மிதமான விதியில் 5 நாள். மேலும் மேலே போனால் 30 நாள் என்று நீளும். மிகக் கடுமையான விதியைப் புதிதாகச் சேரும் வீட்டுக்காரர்கள் எடுக்க முடியாதபடி 2025 அக்டோபரில் அக்கம்பெனி நிறுத்திவிட்டது. கடும் விதியுள்ள வீட்டைக் கண்டதும் வாடிக்கையாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார் என்பதைக் கம்பெனிகள் தெரிந்தே இருக்கின்றன. தர்மத்துக்காக அவை எதையும் செய்வதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செயலியில் தேர்ந்தெடுத்த விதி, வீட்டுக்காரரின் கையில் இருக்கிற பத்திரம் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, வீட்டுக்காரர்கள் எந்த விதியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் சரியென்று, அக்காலத்து முன்பதிவுகளுக்கு முழுப் பணத்தையும் அக்கம்பெனி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. உலகமெங்கும் வீட்டுக்காரர்கள் கூச்சலிட்ட பிறகு, 25 கோடி டாலர் ஒதுக்கி, அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியதில் கால் பங்கைக் கொடுத்தது. கடும் விதியை நம்பி, வராத பணத்தை வந்ததாகவே எண்ணிச் செலவு செய்திருந்தவர்கள் அன்று பட்ட பாட்டை அவர்களே அறிவார்கள்.

அப்படியானால் பெங்களூரில் மாடி அறை விடுகிற தமிழ்க் குடும்பம் எதைத் தேர்ந்தெடுப்பது? நடுவில் இருப்பதைத்தான். ஐந்து நாளைக்கு முன் சொன்னால் முழுப் பணமும் திருப்பித் தருவது. அதற்குப் பிறகு சொன்னால் ஓர் இரவு வாடகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது. அந்த இரவுக்கு வேறு ஆள் வந்துவிட்டால் பிடித்ததையும் தந்துவிடுவது. வாங்கும் முன்பணமும் ஓர் இரவு வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. முழு நாலு நாள் வாடகையையும் முன்னதாக வாங்கி வைத்துக்கொள்வதனால்தான் பாதிச் சண்டை வருகிறது. கையில் இருக்கிற பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனித மனம் லேசில் இசைவதில்லை. மளிகைக் கடைக்குக் கொடுத்துவிட்டால் இசைந்தும் பயனில்லை.

"வேறு ஆள் வந்தாரா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாமே ஏன் சொல்ல வேண்டும்?" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் சேலத்திலிருந்து வருகிற ஒரு நோயாளியின் குடும்பம் ஒரு முறையோடு நின்றுவிடுவதில்லை. மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், எங்கே தங்கினீர்கள், எப்படி இருந்தது என்று பேசாதவர் உண்டா? அந்த வரிசையில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கிற பெயர் எந்தச் செயலியின் நட்சத்திரத்துக்கும் குறைந்ததல்ல.

நோயாளிகளுக்குத் தனி விதி

நடு விதியும் எல்லாருக்கும் ஒத்துவராது. கல்யாணத்துக்கோ, பரீட்சைக்கோ வருகிறவருக்குத் தேதி முன்பே நிச்சயம். வராவிட்டால் அது பெரும்பாலும் அவருடைய முடிவு. நோயாளிக்கு அப்படியில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் மருந்து ஏற்றுவதை ஒரு வாரமோ அதற்கு மேலோ தள்ளிவிடுவார்கள். இது பரிசோதனை முடிவு கையில் வரும்வரை டாக்டருக்கே தெரியாது. கதிர் சிகிச்சையோ, வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நடக்கும்; இடையில் காய்ச்சல் வந்தால் நிற்கும். ஆபரேஷன் என்றால் ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலே போதும், தேதி மாறிவிடும். இத்தகைய குடும்பத்திடம் ஐந்து நாள் முன்னறிவிப்புக் கேட்பது, மழையை ஐந்து நாள் முன்பே எழுதிக் கொடு என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

பெரிய செயலிக் கம்பெனிகள் போர், வெள்ளம், அரசு விதித்த பயணத் தடை இவற்றுக்கெல்லாம் விலக்குத் தருகின்றன. தனி மனிதருக்கு வந்த நோய் பெரும்பாலும் அந்த விலக்கில் வருவதில்லை. லட்சக்கணக்கான வீடுகளைக் கண்ணால் பாராமல் நடத்துகிற கம்பெனிக்கு, யாருக்கு நிஜமாக நோய், யாருக்கு இல்லை என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. லக்கசந்திராவில் கீழ் வீட்டில் இருப்பவரால் முடியும். மருத்துவமனைச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும்.

இவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதைவிடத் தேதியை மாற்றித் தருவதே இரு தரப்புக்கும் நல்லது. மருந்து தள்ளிப்போன நோயாளி, பத்து நாளிலோ இரண்டு வாரத்திலோ கட்டாயம் வரத்தான் போகிறார். முன்பணத்தை அப்படியே அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு வாடிக்கை போகாது; நோயாளிக்குப் பணம் போகாது. ஆனால் எவ்வளவு காலம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். அதற்குள் வர முடியாத காரணம் இன்னதென்று தெரிந்தால், அதுவும் வராமலிருக்கக் கூடாத காரணமாக இருந்தால், அந்த ஓர் இரவு வாடகையைப் பேசாமல் அனுப்பிவிடுவதுதான் மனிதத்தன்மை. சாவு விழுந்த வீட்டோடு 1,200 ரூபாய்க்குக் கணக்குப் பேசுகிறவர்கள் அதிகம் இல்லை. ஆயினும் விதியில் எழுதி வைத்துவிட்டால் அந்த ஓரிருவரும் பேசமாட்டார்கள்.

பல நாள் தங்குகிறவர் பாதியில் கிளம்புவதும் உண்டு. முப்பது நாளைக்கென்று வந்தவரைப் பதினெட்டாம் நாள் டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்கிறார். மீதிப் பன்னிரண்டு நாள் வாடகையைக் கேட்பது கொடுமை. இரண்டு நாள் முன்னறிவிப்போ, அதற்கான வாடகையோ கேட்டால் போதுமானது. வாடகையை வாரா வாரம் வாங்கினால் இந்தத் தகராறே எழாது.

ரயிலும் பந்த்தும்

பெங்களூருக்கு வருகிற தமிழர்களுக்கென்றே இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது வெயிட்டிங் லிஸ்ட். நாகர்கோவிலிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வருகிறவருக்குச் சார்ட் தயாராகும் வரை தாம் வருவது தமக்கே தெரியாது. இடம் கிடைக்காவிட்டால் ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகி ரயில்வேயிடமிருந்து பணம் வந்துவிடும். அறைக்குக் கொடுத்த பணம்? 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்கிற மிகத் தளர்வான விதிகூட இவரைக் காப்பாற்றாது. அதனால், அறை கேட்பவரிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "டிக்கெட் கன்பர்ம் ஆகிவிட்டதா?" என்பதுதான். ஆகவில்லையென்றால் முன்பணம் வாங்காமல், பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, கன்பர்ம் ஆன பிறகு பணம் அனுப்பச் சொல்லலாம். அதற்குள் வேறு ஆள் வந்தால் அறையைக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிடலாம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இரண்டாவது, காவிரி. 2016 செப்டம்பரில் இந்நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2023 செப்டம்பர் 26ஆம் தேதி பெங்களூர் பந்த், மூன்று நாள் கழித்து 29ஆம் தேதி கர்நாடக பந்த். அத்தகைய நாட்களில் தமிழ்நாட்டு பஸ்கள் ஓசூரோடு நின்றுவிடுகின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டி வர வழியில்லாமல் ஒருவர் அறைக்கு வராமற்போனால், அதை அவர் ரத்து செய்ததாகக் கொள்ளலாமா? கூடாது. பந்த் அறிவிக்கப்பட்ட நாளுக்கு, எப்போது சொன்னாலும் முழுப் பணமோ வேறு தேதியோ தருவது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். ஒரு வீட்டுக்காரருக்கு ஆண்டில் ஓரிரு நாள் இதனால் போகலாம். போகட்டும். மாறாக, பந்த் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் அறையில் மாட்டிக்கொண்டவரிடம் மேற்படி ஓர் இரவுக்கு அதே வாடகைதான் வாங்க வேண்டும். தெருவில் டயர் எரியும்போது வாடகையை ஏற்றுகிறவரைத் தமிழர் என்றோ கன்னடர் என்றோ பிரிக்கத் தேவையில்லை; அவர் தனி ஜாதி.

வீட்டுக்காரரே வாக்கு மாறினால்?

ரத்து விதி என்றாலே வருகிறவர் தவறுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறார்கள். வீட்டுக்காரர் தவறினால் என்ன என்பதை யாரும் எழுதுவதில்லை. எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கிற பிப்ரவரி மாதங்களில் அந்தப் பக்கத்து அறை வாடகை எங்கேயோ போய்விடும். 1,200 ரூபாய்க்குப் பேசிவைத்த அறைக்கு ஒருவர் 4,000 தருகிறேன் என்று வந்தால், முன்பு பேசியவரிடம் "தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, அறை இல்லை" என்று சொல்லிவிடுகிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். குழாய் அந்த வாரத்தில்தான் உடைகிறது என்பது விந்தை. செயலிகளில் வீட்டுக்காரர் காரணமில்லாமல் ரத்து செய்தால் அவருக்கு அபராதம் உண்டு. நேரில் பேசி விடுகிறவர்களுக்கும் அந்த விதி இருக்கட்டும்: வாங்கிய முன்பணத்தோடு இன்னோர் அதே அளவு தொகையைச் சேர்த்துத் தருவது. வராதவரிடம் ஓர் இரவு வாடகையைப் பிடிக்கிற உரிமை இதை ஏற்றுக்கொள்கிற வீட்டுக்காரருக்குத்தான் உண்டு.

கண்காட்சி, தசரா, ஆண்டு இறுதி இந்த நாட்களுக்கு மட்டும் சற்றுக் கடுமையான விதி வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கேட்கலாம். இரண்டு இரவு வாடகையை முன்பணமாக வாங்கலாம். அந்நாட்களில் வருபவர் பெரும்பாலும் கையில் வசதியுள்ளவர். அறை காலியாக நின்றால் நஷ்டமும் அதிகம். ஆனால் இந்தக் கடுமையை மருத்துவமனைச் சீட்டோடு வருகிறவர் மீது காட்டக் கூடாது.

இவ்வளவையும் எழுதினால் பாதித் தாளுக்கு மேல் வராது. தமிழில் ஒரு பக்கம், கன்னடத்தில் ஒரு பக்கம். பணம் அனுப்பும் முன்பே வாட்ஸ்அப்பில் அதை அனுப்பி, படித்துவிட்டுச் சரியென்று பதில் போடச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவரென்றால் தொலைபேசியில் வாசித்துக் காட்ட வேண்டும். அறைக்குள் வந்த பிறகு சுவரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது விதி ஆகாது. வாங்கிய முன்பணத்துக்கும் ஒரு வரி ரசீது கட்டாயம் வேண்டும். திருப்பித் தரும்போது எத்தனை நாளில் என்பதையும் எழுதிவிடுவது நல்லது. மூன்று நாள் என்றால் நியாயம்.

அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள், வக்கீல் ஒருவரைக் கொண்டு இத்தகைய மாதிரி விதித் தாள் ஒன்றை இரு மொழியிலும் தயாரித்து வைக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியே யோசித்து எழுதுவதைவிட அது எளிது. நோயாளியோடு ஊரிலிருந்து கிளம்புகிறவரும், அறை பேசும்போதே "அந்தத் தாள்படிதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.